முந்நூற்று முப்பத்தெட்டு லிட்டர் எண்ணெயும் ஒரு கையெழுத்தும்

திண்டிவனம்,
9 பிப்ரவரி 2025

அன்பு மருமகள் கலைப்பிரியாவுக்கு,

தாய்மாமன் கோதண்டபாணி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை அம்சவள்ளியும் சௌக்கியம், திண்டிவனம் மளிகைக் கடை சௌக்கியம், விழுப்புரத்தில் புதிதாகத் திறந்த கடைக்குத்தான் கொஞ்சம் உடம்பு சரியில்லை. நீயும் உன் கம்ப்யூட்டரும் சென்னை விடுதியில் நலமாக இருக்க திந்திரிணீஸ்வரர் துணை இருக்கட்டும்.

நீ அனுப்பிய சான்றிதழ்த் தாள் வந்து ஒன்பது நாள் ஆகிறது. "கலைப்பிரியா உருவாக்கிய குடும்பத் தேவை மாடலின் கணிப்பும் எங்கள் கடையின் உண்மை விற்பனையும் பொருந்தின" என்று ஒரே வரி, கீழே என் கையெழுத்துக்கும் கடை முத்திரைக்கும் இடம். இருபதாம் தேதிக்குள் இது போகாவிட்டால் உன் கைடு ஆராய்ச்சி ஏட்டை வாங்க மாட்டார், மார்ச்சோடு உதவித்தொகை நின்றுவிடும், பேசி வைத்திருக்கிற கல்லூரி வேலையும் போய்விடும் என்று எழுதியிருந்தாய். உன் அம்மா மூன்று முறை போன் செய்துவிட்டாள், மூன்றாவது முறை அழுதாள். "ஒரு கையெழுத்துதான அண்ணே" என்கிறாள். ஒரு கையெழுத்துதான். அதைப் போட முடியாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே நீ பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவாய்.

முதலில் அரிசியிலிருந்து வருகிறேன். நீ விழுப்புரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு வீடு ஏறி இறங்கி விசாரித்தபோது தெரு காட்ட ஒரு நாள் நானும் வந்தேன். ஒரு வீட்டு வாசலில், மாதம் எத்தனை கிலோ அரிசி ஆகும் என்று கேட்டாய். பக்கத்து வீட்டம்மா துணி காயப்போடுகிற சாக்கில் காதை இந்தப் பக்கம் நீட்டியிருந்தார். "எங்கூட்ல எல்லாம் பொன்னிதாம்மா. மாசம் இருவத்தஞ்சு கிலோ மூட்டை ஒன்னு ஆவும். ரேஷன் அரிசியெல்லாம் நாங்க தொடறதே இல்ல" என்று இந்தம்மா தெருவுக்கே சொன்னார். நீ இருபத்தைந்து என்று பதிந்துகொண்டாய். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு குண்டானில் ரேஷன் அரிசி ஊறிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். முப்பது வருஷம் அரிசி விற்றவனுக்கு ஊறுகிற அரிசியின் பருமனே போதும். ஆனாலும் படித்த பிள்ளையின் வேலையில் நாம் ஏன் வாயை வைப்பது என்று சும்மா வந்துவிட்டேன், அது என் தப்பு. உன் மாடல் தொண்ணூறு மூட்டை பொன்னி போகும் என்றது. தொண்ணூறும் இறக்கினேன், முப்பத்தொன்று போனது. மிச்ச மூட்டை மேல்தான் பில் போடுகிற அன்புச்செல்வி இப்போது டிபன் டப்பாவைப் பிரித்துச் சாப்பிடுகிறது. அதே மாதம் உளுந்து நூற்றைம்பது கிலோ போதும் என்றாய், அது பத்தாம் நாளே காலியாகி, வந்தவர்களிடமெல்லாம் திட்டு வாங்கினோம். ஏன் இப்படி என்று நான் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தால் அன்புச்செல்வி சொல்கிறது: "ரேஷன்ல அரிசி போட்ட மறுநாளே உளுந்துக்கு ஓடியாறாங்க அண்ணே. அந்த அரிசி இட்லிக்குத்தான ஊறுது? இதுக்கு எதுக்கு கம்ப்யூட்டரு, க்யூவ எட்டிப் பாத்தா தெரியாதா?" உன் கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தெட்டுப் பொருள் கேட்டிருக்கிறாய், ரேஷன் கடையே இல்லை. இலவச அரிசிக்கு விலை இல்லை, விலை இல்லாததால் உன் கணக்கிலும் அது இல்லை.

அடுத்தது சிறுதானியம். நூற்றுக்கு அறுபது வீட்டில் வாரம் மூன்று நாள் கேப்பை, சாமை, தினை என்று உன் தாள் சொன்னது. நம்பி அரைக் கிலோ பாக்கெட் அறுநூறு வாங்கி வாசலுக்கு நேராக அடுக்கினேன். ஜனங்கள் எடுக்கிறார்கள், பின்பக்கம் இருப்பதைப் படிக்கிறார்கள், பெண்டாட்டியிடம் காட்டுகிறார்கள், மறுபடி எடுத்த இடத்திலேயே ஒழுங்காக வைத்துவிடுகிறார்கள். தபால் ஆபீஸில் ஓய்வு பெற்ற ராஜாமணி சாரை அன்புச்செல்வி மடக்கிவிட்டது.

"இன்னா சார், சாமைய எடுத்தீங்க, வச்சிட்டீங்க?"

"எடுத்துப் பாத்தாலே ஒடம்புக்குத் தெம்பா இருக்குது இல்ல, அதான்."

"வாரத்துல மூணு நாளு இதான் சாப்பாடுன்னு எங்க அண்ணன் மருமவகிட்ட சொன்னீங்களாமே?"

"படிக்கற புள்ள வெயில்ல வந்து நின்னு கேக்குது, மனச நோவடிக்கலாமா? முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில எனக்கு சுகர் டெஸ்ட்டு பதினேழாந்தேதி. நாலு நாள் முந்தி வந்து வாங்கிக்கறேன். இப்ப மைதா ஒரு கிலோ போடும்மா."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். உன் தாளில் ஏறியது டாக்டர் சொன்ன சாப்பாடு, என் கடையில் போவது நாக்கு கேட்ட சாப்பாடு. சாமையில் வண்டு விழுந்து உன் அத்தை மாடி முழுக்க வெயிலில் கொட்டி வைத்திருக்கிறாள், மாடிக்குப் போகவே வழியில்லை.

இதெல்லாம் போகட்டும், எண்ணெய்க்கு வருகிறேன், சான்றிதழ் அதைப் பற்றித்தானே. விழுப்புரம் கடையில் மல்லாட்டை எண்ணெய், உன் தாளில் கடலை எண்ணெய் என்று போட்டிருப்பது, மாதம் இருநூறு லிட்டர் போய்க்கொண்டிருந்தது. விலையை இவ்வளவு குறைத்தால் முந்நூற்று நாற்பது போகும் என்றாய். அதற்குத் தேவை நெகிழ்ச்சி என்று பெயராம், இருக்கட்டும். எனக்குத் திண்டிவனத்துச் செக்கிலிருந்து நேராக வருவதால் கை கடிக்காது என்று துணிந்து குறைத்தேன். ஜனவரி கடைசியில் பார்த்தால் முந்நூற்று முப்பத்தெட்டு! அன்றைக்கு நான் குதித்த குதி உன் அத்தைக்குத் தெரியும். வணிகர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, என் மருமகள் ரெண்டு லிட்டர்தான் தப்பு பண்ணினாள் என்று மைக்கில் சொன்னேன். போன செவ்வாய்க்கிழமை விழுப்புரம் போய், கடை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டே எதிரில் இருக்கிற சவுரிராயன் கடையைப் பார்த்தால், அங்கே முன்வரிசையில் நம் எண்ணெய் பாட்டில் ஒன்று நிற்கிறது. நம் லேபிளைப் பாதி கிழித்திருக்கிறார், மீதியில் என் பெயர் 'கோதண்ட' என்று நிற்கிறது. நேராகப் போய்க் கேட்டேன்.

"இன்னா சவுரி, நம்ம சரக்கு இங்க நிக்குது?"

"உங்க சரக்குதான் அண்ணே. மண்டியில எனக்கு எறங்கற வெலைய விட உங்க சில்லற வெல எட்டு ரூபா கம்மி. உங்ககிட்ட எடுக்கலன்னா நான் இன்னா வியாபாரி?"

"எவ்ளோ எடுத்த?"

"நூத்தி இருவது லிட்டரு. ஒரேடியா எடுத்தா உஷாராயிடுவீங்கன்னு ஊட்டுக்காரி ஒரு நாளு, மச்சான் ஒரு நாளு, ஆட்டோ ஸ்டாண்டு ஆளுங்க ஒரு நாளுன்னு வந்து எடுத்துக்கினு போனோம். உங்க அன்புச்செல்வி சிரிச்சிக்கினேதான் பில்லு போட்டுச்சு."

திரும்பி வந்து அன்புச்செல்வியைக் கேட்டால், "பில்லு போடறதுதான அண்ணே என் வேல? நம்பரு ஏறணும், ஜல்தி ஜல்தினு நின்னது யாரு?" என்கிறது.

இப்போது நீயே கழித்துப் பார். அந்த நூற்றிருபது போனால் மிச்சம் இருநூற்றுப் பதினெட்டு. விலையைக் குறைத்து நான் கண்டது பதினெட்டு லிட்டர். சவுரிராயன் அதைப் பின்னறையில் அடுக்கி வைத்திருப்பார், விலை ஏறும்போது வெளியே எடுப்பார், அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். குடும்பங்களின் விருப்பம் என்று நீ எழுதிய அத்தியாயம் முழுக்க ஒரே ஒரு சவுரிராயனின் விருப்பம்.

முந்நூற்று நாற்பதுக்கும் முந்நூற்று முப்பத்தெட்டுக்கும் பொருந்துகிறதே, எழுத்துக்கு எழுத்து அந்த வரி உண்மைதானே என்று நீ கேட்பாய். உண்மைதான். ஆனால் பேருந்து நிலையத்தில் வறுத்த மல்லாட்டை விற்ற காலத்திலேயே, பொட்டலத்துக்கு அடியில் சொத்தையைப் போட்டு மேலே நல்லதைத் தூவுகிற வேலையை நான் செய்ததில்லை. உன் ஏட்டை நம்பி கெடாரிலோ ஓமந்தூரிலோ ஒருவன் கடை போட்டு, விலையைக் குறைத்து, எதிர்க்கடைக்கு சப்ளை பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் திட்டப்போவது கையெழுத்துப் போட்ட என்னை. கோபித்துக்கொள்ளாதே. கைடிடம் ஆறு மாதம் கேள். ஒரு வாரம் இங்கே வந்து அன்புச்செல்வி பக்கத்தில் உட்கார், ரேஷன் கடையையும் எதிர்க்கடையையும் மாடலில் சேர். அதுவரை விடுதிச் செலவு என் பொறுப்பு. உன் அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன், இரண்டு நாள் போகட்டும்.

அத்தை ஆசி சொல்லச் சொன்னாள். சாமை மாவு ஐந்து கிலோ அனுப்புவதாகவும் சொன்னாள், அதை நான் தடுத்துவிட்டேன். கேட்ட கேள்விக்கு நேரான பதில் சொல்கிற ஜனங்களும், சொன்னால் கேட்கிற கைடும் உனக்கு அமைந்து நீ நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடாத உன் மாமன்,
கோதண்டபாணி

பின்குறிப்பு (12 பிப்ரவரி): ஒட்டிய உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். நேற்று சவுரிராயனிடம் போய், அந்த நூற்றிருபது லிட்டரை மண்டி விலைக்கு எனக்கே திருப்பிக் கொடு என்றேன். "ஏது அண்ணே எண்ணெய்? நீங்க பாத்தது கடைசி பாட்லு. உங்க வெலைக்கு மேல மூணு ரூபா வச்சி, மொபெட்ல கட்டிக்கினு போயி வூடு வூடா குடுத்துட்டேன். நான் எப்பவும் விக்கற எண்ணெய் தனியா போச்சு, இது அதுக்கு மேல" என்றார். யார் யார் வாங்கினார்கள் என்று பெயர் சொன்னார். எல்லாம் நீ ஏறி இறங்கிய தெருக்கள்தான். ஆக முந்நூற்று முப்பத்தெட்டும் வீடுகளுக்குத்தான் போயிருக்கிறது. விலை குறைந்தால் இவ்வளவு வாங்குவார்கள் என்றுதான் நீ சொன்னாய், என்னிடம் வந்து வாங்குவார்கள் என்பது நானாகச் சேர்த்துக்கொண்டது. சான்றிதழில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். 'எங்கள் கடையின்' என்பதை அடித்துவிட்டு 'எங்கள் கடை, எதிர்க்கடை இரண்டின்' என்று பேனாவில் எழுதியிருக்கிறேன். சவுரிராயனும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் முத்திரை என்னுடையதன் மேலேயே ஏறி, கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது. கைடு கேட்டால், விற்றவர் அவர்தான் என்று சொல்லிவிடு.