பதின்மூன்றாவது கையெழுத்து

சர்க்கார் நமக்கு நல்லதையே நினைக்கும் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. போன வருஷம், 1954-ல், கவரைப்பேட்டைக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு பாரம் வந்தது. நாலாம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, படிக்கிறவர்கள் அந்தப் பாரத்தை நிரப்ப வேண்டும். அதில் 'விருப்பப் பாடம்' என்று ஒரு கட்டம்.

கருவாட்டு மண்டி நூர் அகமதுவின் மகள் ஆபிதா அதில் 'விஞ்ஞானம்' என்று எழுதினாள். அதை எடுத்தால்தான் பிற்பாடு டாக்டர் காலேஜ். அவளைப் பெற்றவள், டாக்டர் வருவதற்குள் பிரசவத்தில் போய்ச் சேர்ந்தவள்.

தலைமையாசிரியர் வீரராகவன் பாரத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"விருப்பப் பாடம் என்ற இடத்தில் உன் விருப்பத்தை எழுதியிருக்கிறாய், அம்மா. இங்கே இருப்பது நெசவு ஒன்றுதான்."

"அப்ப அது யாரு விருப்பம், சார்?"

"இலாகாவின் விருப்பம்."

பன்னிரண்டு பேர் கேட்டால் விஞ்ஞான வாத்தியார் வருவாராம். ஆனால் வாத்தியார் இல்லாத பாடத்தைக் கேட்கக் கூடாதாம். பெற்றோர் மனுப் போட்டால் அது கேட்டதாகாது, கெஞ்சியதாகும். கெஞ்சுவதற்குத் தடையில்லை என்று அவரே வழியும் சொன்னார்.

நூர் அகமது வீடு வீடாக ஏறி இறங்கிப் பன்னிரண்டு கையெழுத்துச் சேர்த்தார். அதோடு விட்டிருக்கலாம். கருவாட்டுக்காரர் மகள் டாக்டர், நாற்பது ஏக்கர் நஞ்சைக்காரன் மகன் தறியா? துளசிராமனாகிய நான் பதின்மூன்றாவதாகப் போட்டேன். கோழி அறுத்தாலே என் மகன் மயங்கி விழுவான். அது வேறு விஷயம். என்னைப் பார்த்து ஊரே போட்டது. மொத்தம் அறுபத்தொன்று.

இலாகா பரம சந்தோஷத்துடன் பதில் எழுதியது. பன்னிரண்டு பேர் வரை வாத்தியார் போதுமாம். ஒருவர் கூடினாலும் தனிச் சோதனைச்சாலை வேண்டுமாம். ஆகவே கட்டடம் எழும்பும் வரை அனைவரும் நெசவே பயில்க. வருங்கால டாக்டர்கள் என்பதால், காயத்துக்குக் கட்டும் துணியாக நெய்க.

"ஒரு கையெழுத்து ஜாஸ்தியா பூடுச்சி, நைனா" என்றார் நூர் அகமது. வேறொன்றும் திட்டவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

போன மாசம் தறிக்கட்டை ஒன்று தலைமையாசிரியர் காலில் விழுந்தது. அறுபத்தொரு பேரும் ஆளுக்கு இரண்டு முழம் துணியோடு ஓடினார்கள். என் மகன் மட்டும் பாதி வழியிலேயே மயங்கிவிட்டான். பாதத்தில் ஆரம்பித்த கட்டு இடுப்பு வரை வந்தது. பொன்னேரி டாக்டர் வந்தபாடில்லை.

"ஆபிதா, எலும்பு முறிஞ்சிருக்கா பாரும்மா" என்று முனகினார் தலைமையாசிரியர்.

அவள் துணியின் ஓரத்தைப் பிசிறில்லாமல் மடித்துவிட்டுச் சொன்னாள்:

"தெரியலியே, சார். நம்ப விருப்பப் பாடம் நெசவுதானே."