எட்டாம் நம்பரில் எடுத்த படம்

அன்பு மகன் உதயரூபனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாமாங்கேஸ்வரர் துணையால் நானும் ஆட்டுக்குட்டியும் சுகம். சுவிஸ் குளிரில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும்.

போன ஞாயிறு பின்னேரம் வாவிக்கரையில் நின்றவர்கள்: நான், உன் அப்பாவின் தங்கை கேதீஸ்வரி, உன் தங்கை மகள் விதுர்ஷா, காத்தான்குடிப் படக்காரத் தம்பி இஷாம். கொஞ்சம் தள்ளிக் களுவாஞ்சிகுடி மாப்பிள்ளை, பொம்பிளை, அவர்களுடைய படக்காரர், நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெரியம்மா. ஒருவரையும் மறக்கவில்லை.

நான் போன பிறகு அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட ஒரு நல்ல படம் இல்லை மனே. அடையாள அட்டையில் கோழி களவெடுத்துப் பிடிபட்டவள் மாதிரி இருக்கிறேன். அதனால்தான் விதுர்ஷா இஷாமைக் கூட்டி வந்தாள். அவன் பிளாஷைக் கமராவில் பூட்டாமல் தனியாக ஒரு கம்பியில் பூட்டினான். காற்றுக்குக் கம்பி சாய, கேதீஸ்வரியிடம் பிடிக்கக் கொடுத்தான். நடுவில் வயரே இல்லை. "எப்படி மனே பத்தும்?" என்றேன். "ரேடியோவிலம்மா. கமராவுக்கு மேல இரிக்கிற பெட்டி சொல்லும், அது பத்தும்" என்றான். சொல்லி வாய் மூடவில்லை, பளிச்சென்று பத்தியது. சிரித்தேன். திரும்பப் பத்தியது, திரும்பச் சிரித்தேன். பதினொரு தரம். "போதுமா தம்பி?" என்று கேட்டால், "நான் இன்னம் கமராவத் தூக்கவேயில்லம்மா" என்கிறான்! அந்த ரேடியோவுக்கு ஒரு நம்பர் உண்டாம்; அந்தப் பக்கத்துப் படக்காரருடைய பெட்டியிலும் இதே நம்பராம். அவர் அமத்த அமத்த எங்களுடையது பத்தியிருக்கிறது. என் பதினொரு சிரிப்பும் பேர்கூடத் தெரியாத மாப்பிள்ளைக்குப் போயிற்று.

"எட்டாம் நம்பருக்கு மாத்துறன்" என்றான். "எட்டா? வேணா, ஒம்பதப் போடு!" என்றேன். அதே நேரம் அவர்களுடைய படக்காரரும் எட்டுக்கு மாற்றப் போக, அந்தப் பெரியம்மாவும் கத்துகிறாள்: "கலியாணப் படத்துக்கு எட்டா? ஒம்பதப் போடுங்க!" இரண்டு படக்காரரும் ஒன்பது. திரும்பவும் தன்பாட்டில் பளிச், பளிச். இஷாம் கும்பிட்டான்: "அம்மா, எட்டு ஒருத்தருக்கும் வேணா. நாம அங்கயே போவம்."

எட்டுக்குப் போனோம். வெளிச்சம் அடங்கியது, ஆனால் என்னிடம் சிரிப்பு மிச்சமில்லை. "கொஞ்சம் சிரிங்ககா மச்சாள்" என்றாள் கேதீஸ்வரி. "இனி எங்கால சிரிக்கிற? புடிச்சதப் புடி!" என்றேன். அவள் பிளாஷை உயர்த்திப் பிடித்தபடியே சொல்கிறாள்: "மச்சாள், உங்கட கூறைச்சேலைய எரிச்சது அண்ணனில்ல. நான்தான்."

எண்பத்தெட்டாம் ஆண்டு, தைப்பொங்கலுக்கு முதல்நாள், சிரட்டைக்கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டி, முந்தானையில் உள்ளங்கையளவு ஓட்டை. சாகுமட்டும் முப்பத்திரண்டு வருசம் உன் அப்பாவைத்தான் ஏசினேன். ஒருநாளாவது "நானில்ல" என்றாரா? குனிந்து சோற்றைப் பிசைவார். அது ஞாபகம் வர, கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது மனே. நாலு பல்லும் தெரிய. அந்த நேரம் பார்த்து இஷாம் அமத்திவிட்டான்.

நல்ல படத்தைக் கெடுத்த கேதீஸ்வரியை இந்தச் சென்மத்தில் மன்னிக்க மாட்டேன். பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம். தலைக்குத் தொப்பி போடு.

இப்படிக்கு,
அம்மா அன்னப்பூரணி

பி.கு.: அந்தப் படத்தையே பெரிதாக அடித்து அப்பாவுக்குப் பக்கத்தில் மாட்டவேண்டும். ஓரத்தில் தெரிகிற கேதீஸ்வரியின் கையை வெட்டக்கூடாது. அவளை நேற்றே சாப்பிடக் கூப்பிட்டேன். தங்கச்சிக்காக முப்பத்திரண்டு வருசம் வாய் திறக்காமல் ஏச்சு வாங்கி, என்னைப் பொல்லாதவளாக்கிப் போட்டுப் போனாரே, அந்த மனிசனைத்தான் மன்னிக்க மாட்டேன். இதுவரைக்கும் வாயால் சொல்லாத பேரை எழுதியே விடுகிறேன்: கந்தப்போடி.