பரிமளத்துக்கு வயது பதினான்கு

வைரவநாதனுக்கு எப்படியாவது மகளின் வயதில் ஒரு வருடத்தைக் குறைத்தாக வேண்டும்.

பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தவர் அவர். ரயில் இன்னும் பதுளைக்கு வராத காலம். இளவயதில் துணி மூட்டையோடு ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கு ஏறி இறங்கியபோது, கொழுந்து பறிக்கும் ரெங்கம்மாவோடு பழக்கமானார். அவளுக்குப் பிள்ளை பிறந்ததும் இவர் மீனாம்பாளைக் கட்டிக்கொண்டார். ரெங்கம்மா வழக்குப் போட்டாள். இந்தப் பெண்ணைப் பார்த்ததே இல்லை என்று கோட்டில் கூண்டேறிச் சத்தியம் செய்தார். நீதவான் நம்பவில்லை. மாதாமாதம் பிள்ளைச் செலவு கொடுக்கும்படி உத்தரவு போட்டார்.

ஆரம்பத்தில் கோட்டு விறாந்தையில் பணத்தை நீட்டிவிட்டு, அவள் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்க்காமலே திரும்பிவிடுவார். பிள்ளை நடக்கத் தொடங்கியதும் கொஞ்சம் நின்றார். பிறகு வளையல் வாங்கி வந்தார். இப்போதெல்லாம் கோட்டுக் கதவு திறப்பதற்கு முன்பே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பரிமளம் வந்து "சலாங்க" என்று கும்பிடுவாள். அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு ஒரு மாதம் ஓடும். மீனாம்பாளுக்குப் பிள்ளை இல்லை.

வக்கீல் பாலசுப்பிரமணியம் நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னார். அடுத்த மாதம் பிள்ளைக்குப் பதினாலு முடிகிறது, உத்தரவும் அதோடு சரி என்றார். மீனாம்பாள் பாயசம் வைத்தாள். வைரவநாதன் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார்.

மறுநாளே வக்கீலிடம் போய், பிள்ளைக்குப் பதிமூன்றுதான் முடிகிறது, தனக்கு நன்றாகத் தெரியும் என்றார்.

"தாயையே பார்த்ததில்லைன்னு சத்தியம் பண்ணின ஆளு, பிள்ளை பொறந்த நாளை எப்படிங்க சொல்லுவீங்க?" என்று கேட்டார் வக்கீல்.

அப்படியானால் வேறு ஆள் சொல்ல வேண்டும். பக்கத்துக் கடை வாஹித்தைக் கூட்டிக்கொண்டு கோட்டுக் கிளாக்கரிடம் போனார். வழியெல்லாம் பாடம் சொல்லிக்கொடுத்திருந்தார். கிளாக்கரின் முகத்தைக் கண்டதும் வாஹித்துக்கு உண்மை பேசும் ஆசை வந்துவிட்டது. தன் கடை தீப்பிடித்த வருடம் பிறந்த பிள்ளை என்றார். அந்தத் தீ கிளாக்கருக்கும் ஞாபகம் இருந்தது. விரல் விட்டு எண்ணியவர், பிள்ளைக்குப் பதினாலு போன வருடமே முடிந்துவிட்டது என்றார். அடுத்த மாதம் வரை ஏன் காத்திருக்க வேண்டும், இன்றே நீதவானிடம் சொல்லி முடித்துவைக்கிறேன் என்று வைரவநாதனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஒரு வழிதான் மிச்சம். தாய் கேட்டால் பதினாறு வரை நீட்டிக்கலாமாம். அன்று பணம் கொடுக்கும் நாள். ரெங்கம்மா விறாந்தையில் நின்றாள். பரிமளம் வெளியே மரத்தடியில் இருந்தாள்.

"ரெங்கம்மா, என் மேல இன்னொரு வழக்குப் போடு. வக்கீல் செலவையும் நானே தர்றேன்."

"அன்னைக்கு வழக்குப் போட்டேன்னு ஏசினீங்க. இன்னைக்குப் போடச் சொல்லிக் கெஞ்சுறீங்க."

அவள் சிரிக்கவில்லை. பிள்ளைக்குத் தோட்டத்தில் பேர் பதிந்தாயிற்று, நாளையிலிருந்து கொழுந்து பறிக்க விடியற்காலைப் பெரட்டுக்குப் போகிறாள், இனி பதுளைக்கு இறங்க நேரமிருக்காது என்றாள்.

"அவகிட்ட ஒரு வார்த்தை..." என்று தொடங்கினார். இத்தனை வருடமாகச் சொல்லாத வார்த்தை அது. ரெங்கம்மா காத்து நின்றாள். அவர் தரையைப் பார்த்தார். அவள் படியிறங்கிப் போனாள்.

மரத்தடியில் தாயின் கையைப் பிடித்த பரிமளம் ஒருமுறை திரும்பினாள். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. அவள் தாயிடம் கேட்டது அவர் காதிலும் விழுந்தது.

"ஏம்மா, நமக்குக் காசு குடுக்குற கிளாக்கர் ஐயாவுக்கு வேலை போயிருச்சா?"