குழாய் வரும் லெவல்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கு,

அக்கா மகள் எழுதுவது. இங்கே அம்மா நலம், நான் நலம், அப்பா லெவல் இருநூற்றுப் பதினான்கு. உங்கள் கை நலமா? அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் என் கண்ணில் பட்டது அப்பாவின் கட்டைவிரல். இருபது வருடமாகக் குழாய் வேலை பார்க்கும் விரல். நகத்தோரத்தில் எப்போதும் குழாயில் சுற்றும் வெள்ளை டேப்பின் நூல் ஒன்று ஒட்டியிருக்கும். போன மாதம் ஒருநாள் பார்த்தால், நூலும் இல்லை, அழுக்கும் இல்லை. வாத்தியார் விரல் மாதிரி பளிச்சென்று இருந்தது.

நீங்கள் வேலை செய்யும் கம்பெனி போனில் விடும் விளையாட்டு விளம்பரம்தான் காரணம். ஒரு குழிக்குள் தாயும் குழந்தையும் தாகத்தில் வாடுகிறார்கள், மேலே தண்ணீர்த் தொட்டி, நடுவில் நாலைந்து குழாய்த் துண்டு, ஒரு கை வந்து வளைவுத் துண்டான எல்போவைத் தலைகீழாக மாட்டுகிறது, தண்ணீர் எல்லாம் வெளியே போய்விடுகிறது, தாய் மயங்கி விழுகிறாள், ‘உங்களால் முடியுமா?’ என்று எழுத்து வருகிறது. முடியுமாவா? ப்ளம்பரிடம் கேட்கிற கேள்வியா மாமா இது? “அட மடையா, அதைத் திருப்பி மாட்டுடா! பச்சைப் புள்ள கெடக்குது!” என்று அப்பா போட்ட சத்தத்தில் அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். உடனே விளையாட்டை இறக்கினார். உள்ளே குழாய் இல்லை, தொட்டி இல்லை, தாயும் பிள்ளையும் இல்லை. திராட்சை இருந்தது. மூன்று திராட்சையை ஒரே வரிசையில் சேர்த்தால் அவை வெடித்துவிடும். அவ்வளவுதான் விளையாட்டு.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே அழித்திருப்பார்கள். அப்பா அழிக்கவில்லை. “இது வேலை பழக்குறது. நான் புது ஆள எடுத்தா மொத நாளே கையில குழாயக் குடுப்பேனா? ஒரு மாசம் சாமான் எடுத்துத் தரச் சொல்லிப் பொறுமையப் பாக்க மாட்டேன்? அதான் பழத்தக் குடுத்துப் பாக்குறாங்க, குழாய் பின்னால வரும்” என்றார். அந்தக் கம்பெனிக்காரர்கள் தொழில் தெரிந்தவர்கள் என்று பாராட்டு வேறு. இப்போது காலையில் பையோடு வாசலுக்கு வந்து, ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டு, “ஒரே ஒரு லெவல்” என்று படியில் உட்காருகிறார். மறு செருப்பு மத்தியானம்வரை காத்திருக்கிறது. எங்கள் அடுப்படிக் குழாய் பத்து நாளாகச் சொட்டுகிறது. அம்மா வாளியை வைத்துவிட்டு, “ப்ளம்பரக் கட்டிக்கிட்டா தண்ணிக் கஷ்டம் இல்லன்னாங்க, சரியாத்தான் இருக்கு” என்கிறாள்.

அவர்கள் பாடு போகட்டும், என் பாட்டைக் கேளுங்கள். வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் இப்போது அம்மாவின் போனுக்குத்தான் அடிக்கிறார்கள், அதை நான்தான் எடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் ‘உள்ளேன் ஐயா’ சொல்லவே வாய் வராமல் எட்டாவதோடு நின்றவள் நான். அப்பாவோடு பை தூக்கிக்கொண்டு போவேன், பேச்சை அவர் பார்த்துக்கொள்வார். இப்போது போன் அடித்தால் எனக்குத் தெரிந்தது ஒரே வரி: “அப்பா குளிக்கிறாங்க.” சலவைக்கடை அம்மா நேற்று பிடித்தார்களே ஒரு பிடி! “முந்தாநாள் குளிக்கப் போனவரு இன்னுமா வரல? எங்க கடையில சொட்டுத் தண்ணி இல்ல, உங்க வீட்டுல மட்டும் ஆறா ஓடுது? நாளைக்குள்ள வரலன்னா வேற ஆளப் பாத்துக்குறேன்.” பன்னிரண்டு வருட வாடிக்கை மாமா. அவர்கள் போனால் அந்தத் தெருவே போகும்.

விளம்பரத்தில் வரும் அந்தக் கையை வரைந்தது நீங்கள்தான் என்று அம்மா என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். “அந்தக் கைக்காரன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்” என்று அப்பா தினமும் சொல்வதால் வெளியே விடவில்லை. ஆகவே கெஞ்சிக் கேட்கிறேன்: அப்பாவுக்கு உடனே போன் செய்து, குழாய் எந்த லெவலிலும் வராது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். உதைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், சொந்தம்தானே.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் கை நீண்ட காலம் நன்றாக இருக்கட்டும். எல்போ பக்கம் மட்டும் போகாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பேச வராததால் எழுதும் மருமகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது சலவைக்கடை அம்மா மறுபடி கூப்பிட்டார்கள். ‘குளிக்கிறாங்க’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “நான் வரேன்” என்று வந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு போனேன். எல்போதான் விரிசல் விட்டிருந்தது. வால்வை மூடி, அறுத்து, பசை தடவி, புதியதைச் சரியான பக்கம் திருப்பி மாட்டினேன். தண்ணீர் வந்தது. “உங்கப்பா வந்தா பாதி நேரம் கதையில போயிடும். நீ வாயே தொறக்கல, வேலையும் முடிஞ்சிருச்சு. அடுத்த வாரம் மேல்தொட்டிய பாக்கணும், நீயே வந்துரு” என்றார்கள்.

வீட்டுக்கு வந்தேன். “எங்கம்மா போன?” என்றார் அப்பா, தலையைத் தூக்காமல்.

“எல்போ மாத்த.”

“எந்தப் பக்கம் திருப்புன?”

சொன்னேன். “ம்” என்று மூன்று திராட்சையைச் சேர்த்தார்.

மாமா, மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். போன் செய்ய வேண்டாம். மேல்தொட்டி வேலையை நான் முடிக்கும்வரையாவது குழாய் வரும் என்றே அப்பா நம்பிக்கொண்டிருக்கட்டும். இதை எழுதும்போது அப்பாவின் போன் கூவியது. சார்ஜ் நாலு சதவீதம். எழுந்து போய் ஒயரை மாட்டிவிட்டு வந்தேன்.