வாயூதியார் ஊதாத இடம்

பலூனை ஊதினால் உப்பும். வாயூதியார் ஊதினால் சுருங்கும். பச்சைக் குழந்தைகளின் உடம்பில் செக்கச்செவேலென்று புடைக்கும் ரத்தக்குழாய்க் கட்டி, அவர் மூச்சுப் பட்டால் வெட்கப்பட்டு ஒடுங்கிவிடுமாம். அவர் ஊதுவதற்குப் பிடித்த வாடகை மண்டபத்தில் நிற்க இடமில்லை.

அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை. முதல் பிறந்தநாள் கழியாத குழந்தைக்கு ஊதமாட்டார். "முத்தாத கட்டியில மூச்சு நிக்காதும்மா." கூட்டம் பயபக்தியோடு தலையாட்டியது. அதற்குத்தானே கழுத்து இருக்கிறது!

முன்வரிசையில் ஒரு தையல்காரரும் மனைவியும். மடியில் கைக்குழந்தை. மேல் இமையில் வளர்ந்த கட்டி ஒரு கண்ணையே மூடியிருந்தது.

"ஐயா, கண்ணைத் திறக்கவே முடியல. ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா?" என்றாள் தாய்.

"மருந்து பட்டா என் மூச்சு பலிக்காது. பிறந்தநாள் கழிச்சு வா."

"பெரியவர் சொல்றாருல்ல, சும்மா இரு" என்று அடக்கினார் தையல்காரர். ஒரு முழத் துணியைக்கூடத் திரும்பத் திரும்ப அளந்து வெட்டும் மனிதர், மூச்சை மட்டும் அளக்காமல் நம்பினார்.

அடுத்து சாட்சி. வாயூதியாரின் விளம்பரச் சுவரொட்டியில் சிரித்த வாண்டு தன் தாயோடு மேடையேறினான்.

"நெத்தியில எலுமிச்சம்பழம் மாதிரி இருந்துச்சே, இப்ப எங்கம்மா?" என்றார் வாயூதியார்.

"வத்திடுச்சுங்க. ஆனா ஒரு சந்தேகம்." அவள் பையனின் கால்சட்டையைச் சட்டென்று இறக்கினாள். "பின்னாடியும் ஒண்ணு இருந்துச்சு. கூச்சப்பட்டு உங்ககிட்ட காட்டவே இல்ல. அதுவும் வத்திடுச்சு. இதுக்கு யாருங்க ஊதினது?"

மண்டபமே குலுங்கிச் சிரித்தது.

"மூச்சு... உள்ளுக்குள்ளயே இறங்கியிருக்கும்!"

"அவ்வளவு தூரம் இறங்கின மூச்சு, இந்தப் பாப்பாவோட கண்ணுக்கு மட்டும் ஏன் வராது?"

வாயூதியார் அவசரமாக மைக்கை ஊதிப் பார்த்தார். பையனின் தாய் தையல்காரர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, ஒரு வயசுக்கு மேல பெரும்பாலும் இது தானாவே வத்துமாம். அதான் அவருக்குப் பிறந்தநாள் கணக்கு! ஆனா கண்ணை மறைச்சா பார்வைக்கே ஆபத்து, புண்ணானாலும் காத்திருக்கக் கூடாதுன்னு நான் கேட்ட டாக்டர் சொன்னாரு. இன்னைக்கே போங்க."

தையல்காரர் யோசித்து முடிப்பதற்குள் மனைவி வாசலைத் தாண்டியிருந்தாள். அவளுடைய செருப்பைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடினார்.

மருத்துவமனையில் குழந்தையின் இதயத்தைச் சோதித்துவிட்டு, வாய்வழியாக ஒரு மருந்து கொடுத்துக் கண்காணித்தார்கள். கட்டி மெல்ல மெல்லச் சுருங்கியது. இப்போது குழந்தை இரண்டு கண்ணாலும் அப்பாவை முறைக்கிறது. முறைக்கட்டும், நியாயம்தான்.

வாயூதியார் வேறு ஊரில் மண்டபம் பார்க்கிறாராம். உங்கள் ஊருக்கு வந்தால் தாராளமாகக் கும்பிடுங்கள். அதற்கு முன்னால், அவர் ஊதாத இடத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.