பகிர்வுப் பெட்டி விஷயமாக அத்தானுக்கு

மதிப்பும் மரியாதையும் மிக்க அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் ஒரே தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. உடம்பளவில் நான் சௌக்கியம். அங்கே உங்கள் சர்க்கரை நீங்கள் சொன்ன பேச்சைக் கேட்கிறது என்றும், அக்காவும் கேட்கிறாள் என்றும் நம்புகிறேன். இரண்டில் ஒன்றாவது நடந்தால் சந்தோஷம்.

வாகனப் பிரிவு மேலாளர் என்ற முத்திரையோடு நீங்கள் அனுப்பிய தாள் கிடைத்தது. படகுத்துறையில் மருந்துச் சரக்கு கெட்டுப்போனது குறித்து, பக்கத்து வண்டியின் ஓட்டுநர் என்ற முறையில் கண்டதைச் சுருக்கமாக எழுதித் தரச் சொல்லியிருந்தீர்கள். வெயில் அதிகம், படகு வரவில்லை, நான் எதையும் கவனிக்கவில்லை என்று மூன்று வரி எழுதி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். மூன்றில் இரண்டு உண்மை. மூன்றாவதைப் பற்றித்தான் வீட்டு முகவரிக்கு இந்தக் கடிதம். திங்கட்கிழமை விசாரணை வைத்துக் கையேட்டை வேலையை விட்டுத் தூக்கப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் இது உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும்.

கையேடு என்றால் யார் என்று முழிக்க வேண்டாம். மூன்று மாதம் முன்பு நம் கிளைக்கு மாற்றலாகி வந்த மருந்து வண்டி ஓட்டுநர்தான். உங்கள் பதிவேட்டில் வேறு பேர் இருக்கும். வண்டியோடு கொடுத்த கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்த ஒரே மனிதர் என்பதால் நாங்கள் வைத்த பேர் இது. நாங்களெல்லாம் அந்தப் புத்தகத்தை முன்கண்ணாடியில் வெயில் படாமல் சாய்த்து வைக்கத்தான் பயன்படுத்துகிறோம். அவர் அதில் பென்சிலால் கோடு போட்டுப் படித்திருக்கிறார். வண்டியில் இருக்கிற பகிர்வுப் பெட்டி என்ன சொன்னாலும் நம்புவார். மனிதர்கள் சொன்னால் அதைவிட நம்புவார், அதுதான் வினையாகப் போனது.

அந்தப் பெட்டியை நீங்களே ரிப்பன் வெட்டித் தொடங்கி வைத்தீர்கள், ஞாபகம் இருக்கும். நம் மின்சார வண்டிகளில் சக்கரம் ஓடுவதும் பின்னால் குளிர் அறை ஓடுவதும் ஒரே பேட்டரியில். வழியில் எங்காவது மாட்டிக்கொண்டால் இரண்டு வண்டியை கேபிளால் இணைத்துவிடலாம், மிச்சம் இருக்கிற வண்டி இல்லாத வண்டிக்குக் கொடுக்கும், யாருக்கு எவ்வளவு என்பதைப் பெட்டியே பார்த்துக்கொள்ளும் என்று மைக்கில் பேசினீர்கள். நல்ல பேச்சு, நானும் கை தட்டினேன். ஆனால் பெட்டி நம்மிடம் கேட்பது ஒரே ஒரு கேள்வி, உள்ளே என்ன சரக்கு என்று. மருந்து என்றால் முதல் உரிமை. பிறகு மீன், இறைச்சி, பால், பூ. பூவுக்கும் கீழே, கடைசியில்தான் நான் ஏற்றுகிற ஐஸ்கிரீம். போன வருஷம் அப்படிக் கடைசியில் நின்றுதான் என் சரக்கு உருகி, கதவைத் திறந்ததும் இறக்க வந்தவர்களின் முழங்கால் வரை வழிந்தது. இன்னொரு தடவை உருகினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டதும் நீங்கள், அன்று சாயங்காலமே வீட்டுக்குக் கூப்பிட்டு "மனசுல வச்சுக்காதப்பா" என்று டீ கொடுத்ததும் நீங்கள். நான் மனசில்தான் வைத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து பெட்டி கேட்கும்போதெல்லாம் மருந்து என்று போட ஆரம்பித்தேன். பதினாலு மாதம் ஆகிறது. நான் மட்டும் இல்லை அத்தான், கோழி ஏற்றுகிறவனும் மருந்து, பட்டாணி ஏற்றுகிறவனும் மருந்து. படகுத்துறையில் பெட்டிகளின் திரையை மட்டும் பார்த்தால் அக்கரையில் ஊரே ஆஸ்பத்திரியில் படுத்துக்கிடக்கிறது என்று நினைப்பீர்கள். நிஜமாகவே மருந்து ஏற்றுகிறவர் கையேடு ஒருவர்தான்.

அன்று காலை பத்து மணிக்குக் காற்று பலமாகிப் படகை நிறுத்திவிட்டார்கள். துறையில் இருக்கிற ஒரே சார்ஜ் கம்பத்துக்குப் பிளாஸ்டிக் பையை மாட்டி, பழுது என்று எழுதி ஒட்டியிருந்தது. அந்தத் தாளும் வெளுத்துவிட்டது. அவர் நிதானமாக ஓட்டி வந்தவர், பேட்டரியில் எழுபத்தொரு சதவீதம் வைத்திருந்தார். என்னிடம் இருபத்துமூன்று. வழியெல்லாம் ஏ.சி. போட்டு, மிதித்து ஓட்டி, நடுவில் கெட்டிலில் வெந்நீர் வேறு வைத்தேன். அவராகவே கேபிளை எடுத்துக்கொண்டு வந்தார், "வாங்கண்ணே, சேர்த்துப் போட்டுக்கலாம், அதுக்குத்தானே குடுத்திருக்காங்க" என்று. மாட்டின உடனே பெட்டி கணக்குப் போட்டது. இரண்டுமே மருந்து. அவருடையது ஐந்து டிகிரியில் சுகமாக இருக்கிறது. என்னுடையது மைனஸ் இருபது கேட்கிறது, மைனஸ் பதினாலில் தவிக்கிறது. ஆகவே எனக்குத்தான் ஆபத்து அதிகம் என்று முடிவு கட்டி, அவர் பேட்டரியிலிருந்து என் பக்கமாக அம்புக்குறி போட்டுவிட்டது. என்னுடையது மைனஸ் இருபதைத் தொடும் வரை அந்த அம்பு திரும்பாது.

அவர் திரையைப் படித்துவிட்டு என் ஜன்னலுக்கு வந்தார்.

"அண்ணே, உங்க மருந்து ரொம்ப ஆபத்துல இருக்குன்னு காட்டுது. என்ன மருந்துண்ணே?"

என்ன சொல்வது என்று தெரியாமல் "குழந்தைங்களுக்கு" என்றேன். அது பொய் இல்லை.

அவர் என் வண்டியின் பக்கவாட்டைப் பார்த்தார். கோன் ஐஸை நக்கிக்கொண்டு ஒரு குழந்தை ஆளுயரத்துக்குச் சிரிக்கிற படம் உங்களுக்குத் தெரியும்.

"ஐஸ்கிரீம் படம் போட்டிருக்கே."

"வண்டி ஐஸ்கிரீம் வண்டிதான்."

"ஓ. குழந்தைங்க பயப்படக்கூடாதுன்னு இந்த வண்டியில அனுப்பியிருப்பாங்க" என்று அவரே காரணமும் கண்டுபிடித்துக் கொடுத்தார். பிறகு தன் கேபினுக்குப் போய் ஏ.சி.யை அணைத்தார், சின்ன மின்விசிறி வைத்திருந்தார், அதையும் அணைத்தார். கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, கையேட்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்தார். என் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அரைமணி கழித்து நானும் அணைத்தேன். வெட்கப்பட்டு அணைத்தேன் என்று எழுத ஆசைதான். பெட்டி அதையும் பதிவு செய்யுமே என்று பயந்துதான் அணைத்தேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அவருடையது எட்டைத் தொட்டது. மறுபடி வந்தார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "எட்டுக்கு மேல போகக்கூடாதுன்னு போட்டிருக்குண்ணே. உங்களுது இப்ப எப்படி இருக்கு?" என் திரையில் மைனஸ் பதினேழு. "இன்னும் சரியாகல" என்றேன். அதுவும் பொய் இல்லை. அன்று முழுக்க நான் பொய்யே சொல்லவில்லை அத்தான், காலையில் பெட்டியில் தட்டின அந்த ஒரு வார்த்தையைத் தவிர. அவர் கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னா கழட்டிடறேன். குழந்தைங்க விஷயம், நானா முடிவு பண்ணக்கூடாது" என்று என் முகத்தையே பார்த்தார்.

நான் என் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கழற்றினால் என் சரக்கு இரண்டாவது தடவையாக உருகும். சரக்கின் பேரை மாற்றலாம் என்று பார்த்தால், ஏன் மாற்றுகிறீர்கள் என்று திரை காரணம் கேட்கிறது, கீழே பதினாலு மாதத்து மருந்தையும் வரிசையாகக் காட்டுகிறது. தவறுதலாக என்று தட்டினேன். அழித்தேன். ஐம்பத்துநாலு வயசில், இந்த முட்டியை வைத்துக்கொண்டு, நான் வேறு எங்கே போய் வேலை கேட்பேன் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, "பெட்டிக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து மணிக்குக் காற்று அடங்கிப் படகு வந்தபோது அவருடையது பதினாறு டிகிரி. படகில் ஏறக்கூட அவர் வண்டியில் தெம்பு இல்லை. நான்தான் கயிறு கட்டி இழுத்து ஏற்றி, அக்கரையில் ஆஸ்பத்திரி வரை இழுத்துக்கொண்டு போனேன். அவர் கொடுத்த மின்சாரத்திலேயே அவரை இழுத்தேன், அதற்கு அவர் எனக்கு நன்றி சொன்னார். உள்ளே இருந்தது இன்சுலின் அத்தான். தினமும் நீங்கள் வயிற்றில் குத்திக்கொள்கிறீர்களே, அதேதான். அக்கரை ஆஸ்பத்திரியில் கதவைத் திறந்து வெப்பமானியைப் பார்த்துவிட்டு, ஒரு அட்டைப்பெட்டியைக்கூட இறக்காமல் அப்படியே குப்பைக்கு எழுதிவிட்டார்கள். வெளியே வரிசையில் நின்றவர்களிடம் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். ஒரு அம்மா, எந்த அடுத்த வாரம் என்று கேட்டுக்கொண்டே நின்றாள். என் ஐஸ்கிரீம் பாறை மாதிரி இருந்தது. அவ்வளவு சிரமமான நாளிலும் சரக்கைக் காப்பாற்றிக் கொண்டுவந்தவர் என்று வாடிக்கையாளர் பாராட்டுக் கடிதம் கொடுத்து, அதை என் போட்டோவோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். உங்கள் அறைக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. நான் இப்போது பின்வாசல் வழியாகத்தான் வந்து போகிறேன்.

தன் சரக்குக்குத் தானே பொறுப்பு, கேபிளைக் கழற்றாதது அலட்சியம் என்று அவர்மேல் குற்றம் எழுதியிருக்கிறீர்கள். அலட்சியம் அவருடையது இல்லை. பெட்டியின் பதிவை வரவழைத்து அந்தத் தேதியைப் பாருங்கள், என் வண்டி எண்ணுக்கு நேரே மருந்து என்று இருக்கும். அவர் மாமனார் நோயாளி, இரண்டு பெண்கள் படிக்கிறார்கள், அவருக்கு ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. எனக்கும் தெரியாதுதான், இருந்தாலும் தப்பு என்னுடையது. எட்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. திங்கட்கிழமை நானே விசாரணைக்கு வந்து எல்லார் முன்னாலும் சொல்கிறேன். மைத்துனன் என்று பார்க்காமல் நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகள் பொய் சொல்லாமல் வளர என் ஆசீர்வாதம். உங்கள் ஊசி மருந்தைப் பத்திரமாகக் குளிரில் வையுங்கள்.

உங்கள் கோபத்துக்கு முழுக்கவும் உரிய,
மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அக்கா ஃபோன் செய்தாள். நீங்கள் நடக்கப் போயிருந்த நேரத்தில் கையேடு வீட்டுக்கே வந்து, சாவியையும், எல்லாம் தன் கவனக்குறைவுதான் என்று எழுதின ராஜினாமாவையும் அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். நீங்களும் ஒரு வழியாக முடிந்தது என்று கோப்பை மூடிவிட்டீர்களாம். போகும்போது வாசலில் நின்று, "உங்க தம்பி கொண்டு போன மருந்து குழந்தைங்களுக்குப் போய்ச் சேர்ந்துச்சாம்மா?" என்று கேட்டாராம். அக்காவும் ஒன்றும் புரியாமல் சேர்ந்துவிட்டது என்றாளாம். அவர் சிரித்தாராம். "நீ எப்படா மருந்து ஓட்ட ஆரம்பிச்ச?" என்று அக்கா என்னிடம் கேட்டாள். போன வருஷத்திலிருந்து என்றேன். ஆகவே விசாரணையே இல்லை என்று ஆகிவிட்டதால், மேலே எழுதியிருப்பதைப் படிக்காமல் பின்குறிப்பை மட்டும் படித்துவிட்டுக் கடிதத்தைக் கிழித்துவிடவும். திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. இன்னொன்று, கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அவருடைய வண்டி இப்போது சும்மாதானே நிற்கும். அதை எனக்கு ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். அதில் மருந்து மட்டும்தான் ஏற்றுவார்கள். பெட்டி கேட்டால் இனிமேல் நான் உண்மையையே போட்டுவிடலாம்.