ஐநூத்தி ஒண்ணாவது யூனிட்

பல்லு கூட விளக்காம பாலகணேஷ் மாடிப்படி இறங்கி வந்து மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தான். பார்த்துட்டு மூடினான். கண்ணைக் கசக்கிட்டு மறுபடி திறந்தான். நம்பர் அப்படியேதான் இருந்துச்சு.

போன தடவை, ஏப்ரல்ல, ரீடிங் எடுத்த அன்னைக்கே போன்ல ஒரு போட்டோ புடிச்சு வச்சிருந்தான். அதைக் கழிச்சுப் பார்த்தா முந்நூத்திப் பன்னெண்டு யூனிட். ஒரே மாசத்துல. இன்னும் முழுசா ஒரு மாசம் பாக்கி.

அவனுக்கு நம்பவே முடியல. ஏன்னா ஏசி ரிமோட்லேர்ந்து பேட்டரியை உருவி பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கான். வெயில் காலத்துல. மெட்ராஸ்ல. ராத்திரி ஈரத்துண்டை நெஞ்சு மேல போட்டுக்கிட்டு புழுங்கிச் செத்துட்டு இருக்கான். அப்புறம் எப்படி முந்நூத்திப் பன்னெண்டு?

கரண்ட் பில்லு ரெண்டு மாசத்துக்கு ஒரு வாட்டி வரும். ஐநூறு யூனிட் வரைக்கும் ஒரு ரேட்டு. ஐநூத்தி ஒண்ணு ஆச்சுன்னா அந்த ஒத்த யூனிட்டுக்கு மட்டும் இல்ல, ஏற்கெனவே எரிச்சதுக்கும் சேர்த்து கணக்கு மாறிடும். போன தடவை அவன் வீட்டுல ஐநூத்தி நாலு. அந்த நாலு யூனிட்டை எந்த நாள்ல, எந்த ஸ்விட்ச்சுல எரிச்சோம்னு அவன் தூக்கத்துல கூட தேடிட்டு இருந்தான்.

வீடு மயிலாப்பூர்ல, ஒரு சந்துக்குள்ள. மொத்தம் நாலு போர்ஷன், அவனோடது மூணாம் நம்பர். ஓனர் வேதாந்தம் சார் அடையாறுல இருக்கார். மார்ச்ல அவரு, இருக்கறதுலயே சீப்பான பெயிண்டரைப் புடிச்சு பில்டிங் முழுக்க ரோஸ் கலர் அடிச்சார். அந்தப் பெயிண்டர் கைப்புடி, தண்ணி பைப்பு, மீட்டர் பெட்டி, எதையும் விட்டு வைக்கல. எல்லாத்தையும் ரோஸாக்கிட்டு, மீட்டருக்கு மேல வீட்டு நம்பரை மட்டும் கறுப்புல புதுசா எழுதிட்டுப் போயிட்டான். பெயிண்ட் காயறதுக்குள்ள வேதாந்தம் சார் வாடகையை ரெண்டாயிரம் ஏத்திட்டார்.

பாலகணேஷுக்கு தி.நகர்ல ஒரு ஜவுளிக்கடைல பில் போடற வேலை. அங்க சேல்ஸ் டல்லுன்னு இன்சென்டிவை நிறுத்தி ரொம்ப நாள் ஆச்சு. அதனால மூணு டீயை ஒரு டீ ஆக்கினான். காயை மார்க்கெட் மூடற நேரமாப் பார்த்துப் போய் வாங்கினான். எல்லாம் கரெக்டா போச்சு, கரண்ட்டைத் தவிர.

கரண்ட்டுன்னு வந்தா அவன் கண்ணு நேரா சிந்துவோட தையல் மிஷின் மேல போகும்.

சிந்து அவன் பொண்டாட்டி. கல்யாணத்துல போட்ட வளையலை வித்து, மோட்டார் வச்ச மிஷின் வாங்கி, வீட்டுலயே பிளவுஸ் தைக்க ஆரம்பிச்சிருக்கா. ஓசி பஸ்ல ரங்கநாதன் தெரு போயி லைனிங் துணி வாங்கிட்டு வருவா. இப்பதான் நாலு கஸ்டமர் தேடி வர்றாங்க. ஐநூத்தி நாலு வந்த அன்னைக்கு, உன் மிஷின்தான் கரண்ட்டைக் குடிக்குதுன்னு அவன் சொல்லிட்டான். அவளுக்கு சுர்ருனு ஏறிடுச்சு.

"இந்த வாட்டி ஐநூறைத் தாண்டுச்சுன்னா மிஷினை நானே வித்துடறேன். தாண்டலைன்னா அதைப் பத்தி நீங்க ஜென்மத்துக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது."

தேனாம்பேட்டைல டெய்லர் கடை வச்சிருக்கற ஷஃபியுல்லா ஏற்கெனவே அந்த மிஷினைக் கேட்டு வச்சிருந்தார். அதனால இது சும்மா வாய்ப் பேச்சு இல்ல.

முந்நூத்திப் பன்னெண்டுன்னு கேட்டதும் சிந்துவோட கையிலேர்ந்து கத்தரிக்கோல் கீழ விழுந்துச்சு. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வீட்டைச் சுத்திச் சுத்திப் பார்த்தாங்க. கடைசில ரெண்டு பேர் கண்ணும் ஃபிரிட்ஜ்ல போய் நின்னுச்சு. அது பாவம், தன் பாட்டுக்கு உறுமிட்டு இருந்துச்சு.

எதிர் போர்ஷன்ல விசாலாக்ஷி மாமி தனியா இருக்காங்க. ரிட்டயர்டு பாட்டு டீச்சர். அவங்க வீட்டுல டபுள் டோர் ஃபிரிட்ஜ், உள்ள ஒரு மோர் பாத்திரமும் ரெண்டு எலுமிச்சம்பழமும் மட்டும். சிந்து போயி, எங்க ஃபிரிட்ஜ் ரிப்பேர் மாமி, கொஞ்ச நாள் மாவும் பாலும் இங்க வச்சுக்கலாமான்னு இழுத்தா.

"இதுக்குப் போய் கேப்பாளா? எடுத்துண்டு வா. எங்காத்து மீட்டர் என்னமோ இந்த தடவை நகரவே மாட்டேங்கறது. நானே தினம் கீழ போய் பாத்துண்டு வரேன். புதுசா பெயிண்ட் அடிச்ச நேரம், பகவான் அனுக்கிரகம்."

அந்த சந்தோஷத்துல மாமி காலைல எழுந்ததும் ஏசி போடறவங்க, ராத்திரி படுக்கப் போற வரைக்கும் நிறுத்தறதே இல்ல.

பாலகணேஷ் தன் வீட்டு ஃபிரிட்ஜோட பிளக்கைப் புடுங்கி வயரைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டான். அஞ்சு நாள் கழிச்சு மீட்டரைப் பார்த்தான். போன வாரத்தை விட வேகமா ஓடியிருந்துச்சு.

அவன் அப்படியே மீட்டர் பெட்டி முன்னாடி உட்கார்ந்துட்டான். ஃபிரிட்ஜை நிறுத்தினா எப்படிய்யா கூட ஏறும்?

மேல வந்து சிந்துவைப் பார்த்த பார்வைலயே அவளுக்குப் புரிஞ்சு போச்சு.

"நான் இல்லாத நேரத்துல ரொம்ப தைக்கிறியா?"

சிந்து எழுந்தா. மிஷினோட ஒரு பக்கத்தைப் புடிச்சா, இன்னொரு பக்கத்தை அவனைப் புடிக்கச் சொன்னா, நேரா மாமி வீட்டு ஹால்ல கொண்டு போய் இறக்கிட்டா. இனிமே என் மேல எப்படி சந்தேகப்படறீங்கன்னு பாக்கறேன்னு ஒரு வார்த்தைதான் சொன்னா. மாமிக்கு ஒரே குஷி. பேச்சுத்துணை ஆச்சு, அப்படியே கிரைண்டரையும் கொண்டு வாடியம்மான்னுட்டாங்க. கிரைண்டரும் போச்சு.

இப்ப பாலகணேஷ் வீட்டுல ஓடறது ஒரு ஃபேனு, எரியறது ஒரு பல்பு. அந்த வாரக் கடைசில மீட்டர் நானூத்தி எழுபதைத் தொட்டுச்சு.

அவனுக்கு ஒரு ஐடியா வந்துச்சு. மெயின் ஸ்விட்சையே ஆஃப் பண்ணிட்டு மூணு மூணு படியாத் தாவி கீழ ஓடினான். தன் நம்பர் எழுதின மீட்டரைப் பார்த்தான். சிவப்பு லைட்டு கண்ணடிச்சுக்கிட்டே இருந்துச்சு. டக், டக், டக்.

வீட்டுல சொட்டு கரண்ட் இல்ல. மீட்டர் ஓடுது.

"திருட்டு," அப்படின்னு மேல வந்து சிந்து காதுல சொன்னான். "யாரோ நம்ம லைன்ல கொக்கி போட்டு இழுக்கறாங்க."

முதல்ல சந்து முனை இஸ்திரி வண்டி மேல சந்தேகம். போய்ப் பார்த்தா அது கரி போடற பொட்டி. அப்புறம் கோயில் சீரியல் லைட்டு. அது ஜெனரேட்டர். ஆபீஸ்ல எழுதிக் கொடுத்து மீட்டரை டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கன்னு சிந்து சொன்னா. விசாரிச்சான். அதுக்கு ஃபீஸ் கட்டணும்னு சொன்னாங்க. மிச்சம் புடிக்கறதுக்குச் செலவு பண்றதான்னு திரும்பி வந்துட்டான். சிந்து மீட்டருக்கு மஞ்சள் குங்குமம் வச்சு, ஒரு எலுமிச்சம்பழத்தைக் கட்டி விட்டா. அது செலவில்ல. மாமி ஃபிரிட்ஜ்ல இருந்த பழம்.

பழத்தைக் கட்டும்போதுதான் பாலகணேஷுக்கு பொறி தட்டுச்சு.

மாமி வீட்டுல ஏசி ஓடுது, ஃபிரிட்ஜ் ஓடுது, கிரைண்டர் ஓடுது, தையல் மிஷின் ஓடுது. மாமி மீட்டர் நகரல. நம்ம வீட்டுல ஒண்ணுமே ஓடல. நம்ம மீட்டர் பறக்குது.

"மாமிதான்," அப்படின்னான்.

சிந்து அவனைப் பார்த்த பார்வைக்கு ஈரத்துண்டே காஞ்சுடும். மாவு வைக்க எடம் குடுத்தவங்களைத் திருடின்னு சொல்ற நாக்கு அழுகிப் போயிடும்னா. ஆனா ராத்திரி படுத்து யோசிச்சா, அவளுக்கும் கணக்கு இடிச்சுச்சு. மாமி வாரா வாரம் சிரிச்சுக்கிட்டே, நகரவே இல்லடி நகரவே இல்லடின்னு சொன்னதெல்லாம் இப்ப வேற மாதிரி கேட்டுச்சு.

பாலகணேஷ் ஒரு முடிவுக்கு வந்துட்டான். அங்க ஓடறது நம்ம கரண்ட்டு. அப்ப நாமளே அனுபவிப்போம். மறுநாள்லேர்ந்து மாமி வீட்டுலயே சட்டையெல்லாம் அயர்ன் பண்ணினான். பழைய சட்டை, தீபாவளிச் சட்டை, சின்னதாப் போயி போடவே முடியாத சட்டை, எல்லாம். வெந்நீர் போடற ராடைக் கொண்டு போய் பக்கெட்ல சொருகினான். கடைல கூட வேலை பார்க்கறவங்களோட பவர் பேங்கை வாங்கிட்டு வந்து வரிசையா சார்ஜ் போட்டான். புழுக்கமா இருந்தா ஹால்லயே படுத்துக்கோங்கோன்னு மாமி சொன்னாங்க. படுத்தான். ஏசியைப் பதினெட்டுல வச்சு, போர்வையும் போர்த்திக்கிட்டுப் படுத்தான். ரிமோட்டைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு தூங்கினான்.

மாமி தலையைத் தடவி, பாவம் கொழந்தை, எத்தனை நாள் தூக்கமோன்னாங்க.

என்ன நடிப்புடா சாமின்னு அவன் கண்ணை மூடிக்கிட்டே நெனச்சான்.

ஐநூத்தி ஒண்ணாவது யூனிட் எப்ப போச்சுன்னு யாருக்கும் தெரியல. ஒரு நாள் பார்த்தப்ப மீட்டர் அறுநூறையும் தாண்டி நின்னுச்சு. சிந்து ஷஃபியுல்லாவுக்கு போன் போட்டு, ரீடிங் எடுக்கற அன்னைக்கு வண்டியோட வாங்கண்ணேன்னு மட்டும் சொன்னா. மாமி வீட்டுக்குப் போய் மிஷினைத் துடைச்சு, எண்ணெய் விட்டு, ஊசியைக் கழட்டி ஒரு துணில குத்தி வச்சுக்கிட்டா. ஊசி அவளோடதுன்னா. பாலகணேஷால அதைப் பார்க்க முடியல. அவன் கோவமெல்லாம் சேர்ந்து மாமி மேல திரும்புச்சு.

ரீடிங் எடுக்க ஜமீலுன்னிசா அக்கா வந்த அன்னைக்கு, கீழ எல்லாரும் கூடிட்டாங்க. வாசல்ல லோடு ஆட்டோ. அதுல ஷஃபியுல்லா. படிக்கட்டுல சிந்து, கையில துணில குத்தின ஊசி. மாமி ஒரு கிண்ணம் நிறைய கேசரியோட இறங்கி வந்தாங்க.

"எல்லாரும் எடுத்துக்கோங்கோ. ரெண்டாவது ஏசி புக் பண்ணிட்டேன், ரூமுக்கு. மாசத் தவணைதான். பில்லுதான் ஒண்ணும் வரப்போறதில்லையே."

பாலகணேஷ் அந்தக் கிண்ணத்தைத் தொடவே இல்ல. ரெண்டாவது ஏசி. நம்ம தலைல.

ஜமீலுன்னிசா அக்கா மாமி நம்பர் எழுதின மீட்டர்ல போனைக் காட்டினாங்க. "நூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு."

"நான் சொல்லலை?" அப்படின்னு மாமி கேசரியை நீட்டினாங்க.

அடுத்தது, குங்குமமும் எலுமிச்சம்பழமும் வச்சது. அக்கா பழத்தைத் தள்ளிட்டுப் பார்த்தாங்க. "எழுநூத்தி அறுபத்தி எட்டு."

சிந்து படிக்கட்டுலயே உட்கார்ந்துட்டா. ஷஃபியுல்லா ஆட்டோலேர்ந்து எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, ஏத்திரலாமா?" அப்படின்னார்.

"ஒரு நிமிஷம்," அப்படின்னான் பாலகணேஷ். "மேடம், ஒரு கம்ப்ளெய்ன்ட் எழுதணும். கரண்ட் திருட்டு. ஒரு வீட்டு கரண்ட்டை எதிர் வீட்டுல எடுத்து எரிக்கிறாங்க."

கேசரிக் கிண்ணம் மாமி கையில சாஞ்சுச்சு. என்னைச் சொல்றேளான்னு கேட்டாங்க. பாலகணேஷ் அவங்க மூஞ்சியைப் பார்க்காம, எல்லாத்தையும் கடகடன்னு ஒப்பிச்சான். அங்க ஓடுற ஃபிரிட்ஜு, ஏசி, கிரைண்டர், தையல் மிஷின், வெந்நீர் ராடு. இங்க மெயினை ஆஃப் பண்ணியும் ஓடின மீட்டர். திருடறவங்களுக்கு ஃபைன் உண்டு, லைனையே புடுங்கிடுவாங்கன்னு கூட படிச்சு வச்சிருக்கேன்னான். சிந்து அவன் சட்டையைப் புடிச்சு இழுத்தா. அவன் நிறுத்தல.

ஜமீலுன்னிசா அக்கா நிதானமா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாங்க. அப்புறம் போன்ல இருந்த மீட்டர் நம்பரை ஒரு தடவை பார்த்தாங்க. பெட்டியை ஒரு தடவை பார்த்தாங்க. குங்குமத்துக்கு மேல கறுப்புல எழுதியிருந்த மூணை நகத்தால சுரண்டினாங்க. ரோஸ் பெயிண்ட் பொல பொலன்னு உதிர்ந்துச்சு. அதுக்கு அடியில தகரத்துல குத்தின பழைய நம்பர் வெளிய வந்துச்சு. நாலு.

நாலாம் நம்பர் வீட்டு விசாலாக்ஷி மாமியை ஒரு பார்வை பார்த்துட்டு, அக்கா பேனாவைத் திறந்தாங்க.

"கம்ப்ளெய்ன்ட் தாராளமா எழுதிக்கலாம் தம்பி. இந்த எழுநூத்தி அறுபத்தி எட்டு அந்தம்மாவோடது, அந்த நூத்தித் தொண்ணூத்தி ஒண்ணுதான் உங்களோடது. திருடினவங்க பேரு என்னன்னு போடட்டும்?"